எம்.ஆர்க். (கட்டடக்கலை முதுநிலைப் படிப்பு) நடத்தும் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். பி.ஆர்க். என்ற கட்டடக்கலை இளநிலைப் படிப்பை முடித்து நான்கு ஆண்டுகள் அலுவலகம் ஒன்றில் பணியாற்றிவிட்டு, இந்த ஆண்டு எம்.ஆர்க். சேர முனைந்திருப்பவர்களுள் நானும் ஒருத்தி. 1972ஆம் ஆண்டுக் கட்டடக்கலைஞர் சட்டப்படி பதிவு பெறுவதற்கு ஐந்தாண்டு இளநிலைப் பட்டமே போதும். முதுநிலைப் பட்டத்தால் உரிமம் எதுவும் கூடிவிடப்போவதில்லை. ஆகவே, கல்லூரி ஆசிரியராகும் எண்ணம் இல்லாத ஒருவர் சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் படிக்க வருகிறார் என்றால், ஏதோ ஒரு திறனைத் தேடித்தான் வருகிறார். அது உங்களிடம் கிடைக்குமா என்று அறிந்துகொள்ள உங்கள் கையேடுகள் உதவவில்லை என்பதே என் முறையீடு.

என் தேடல் காரைக்குடியில் ஒரு பழைய வீட்டில் தொடங்கியது. தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைக் குறுக்குச் சாய்வாகக் குத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்த மட்டப்பா, அதாவது தட்டையான கூரை, அந்த வீட்டினுடையது. ஒழுகுகிறதென்று யாரோ மேலே சிமென்ட் பூசியிருந்தார்கள். உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியின்றித் தங்கி, சுவரில் பதிந்த கட்டையின் முனை உளுத்துப்போயிருந்தது. திருப்புளியை வைத்து அழுத்தினேன், இரண்டு அங்குலம் இறங்கியது. காரையை எப்படிக் கலப்பது என்று அங்கிருந்த முதிய கொத்தனாருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

மரபுக் கட்டடப் பாதுகாப்பு என்று தேடினால் டெல்லி, போபால் எஸ்.பி.ஏ.க்களும் (திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்கள்) அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகமும் கண்ணில் படுகின்றன. ஊருக்கு அருகிலேயே படிக்கலாம் என்றால் திருச்சி என்.ஐ.டி.யில் ஆற்றல் சிக்கனம் சார்ந்த கட்டடக்கலையும் அண்ணா பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்ற வடிவமைப்பும் இருக்கின்றன. அவையும் நல்ல துறைகளே, என் கேள்விக்கு விடை அங்கே இல்லை என்பதைத் தவிர. பாடத்தலைப்புகளை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலவில்லை. 'கட்டுமானப் பொருள்கள்' என்ற தாளில் சுண்ணாம்பைக் கையால் பிசைய விடுவார்களா, படவில்லையில் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்களா என்பதை எந்தப் பாடத்திட்டமும் சொல்வதில்லை.

கல்லூரி ஒன்றுக்கு நேரிலேயே சென்றேன். ஆய்வகம் பூட்டியிருந்தது, இணையதளத்தில் படத்துடன் இருந்த பேராசிரியர் பணி விலகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் நூலக மூலையில் பழைய மாணவர்களின் தீசிஸ்கள் (பட்டத்துக்கான ஆய்வுப் பணிகள்) தூசி படிந்து கிடந்தன. அவற்றுள் ஓர் அக்கிரகாரத்தின் அளவு வரைபடங்களில், ஜூரியில், அதாவது மதிப்பிடும் குழுவில், அமர்ந்த யாரோ பென்சிலால் 'இந்தச் சுவரின் கனத்தை மறுபடி அள' என்று எழுதியிருந்தார். அந்தத் துறையின் கண்டிப்பு எனக்கு அந்த ஒரு வரியில்தான் தெரிந்தது.

அன்புகூர்ந்து கடந்த ஐந்து ஆண்டுத் தீசிஸ்களை எல்லோரும் காணும்படி வெளியிடுங்கள். எந்தத் தாளை இப்போது யார் நடத்துகிறார், அவர் எதைக் கட்டினார் அல்லது பழுதுபார்த்தார் என்பதைச் சொல்லுங்கள். கட்டணத்தோடு களப்பயணச் செலவையும், கேட் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணுக்குரிய மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உங்கள் இடங்களுக்குப் பொருந்துமா என்பதையும் சேர்த்தே தெரிவியுங்கள். தரவரிசை எண்ணை முகப்பில் பெரிதாகப் போடுவதை நான் குறை சொல்லவில்லை. அது எனக்குப் பயன்படவில்லை, அவ்வளவே. கேட் முடிவு மார்ச்சில் வந்தபின் கலந்தாய்வில் இடத்தை ஏற்கச் சில நாள்களே கிடைக்கும் என்பதால், இவை அதற்கு முன்பே எங்கள் கைக்கு வரவேண்டும்.

இப்படிக்கு,
விண்ணப்பிக்கக் காத்திருக்கும் ஒருத்தி