கோந்தேயின் மனைவியை ஒரு வரியில் தாண்டலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சுத் தளபதி கோந்தே இளவரசர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரொக்ருவா போரை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். 1643 மே மாதம், அரசர் பதின்மூன்றாம் லூயி இறந்து ஐந்தே நாளில், 21 வயதுப் பையன் ஒருவன் ஸ்பெயினின் பேர்போன காலாட்படையை நொறுக்குகிறான் என்றால் சும்மாவா? சரி. ஆனால் குடும்பம் என்று வந்ததும் ‘திருமணமாகி ஒரு மகன்’ என்று முடித்துவிட்டார்களே, அதுதான் உறுத்துகிறது.

அந்த மனைவியின் பெயர் கிளேர்-கிளெமான்ஸ். அன்று நாட்டையே ஆட்டிவைத்த கர்தினால் ரிஷ்லியூவின் தங்கை மகள். கர்தினாலின் தயவுக்காக கோந்தேயின் அப்பா முடித்த சம்பந்தம் இது. 1641இல் கல்யாணம் நடந்தபோது பெண்ணுக்கு 13 வயதுகூட நிறையவில்லை, மாப்பிள்ளைக்கோ மனம் முழுக்க வேறொரு பெண்மேல். கடைசிவரை அவளை அவர் ஒரு பொருட்டாக மதித்ததாகத் தெரியவில்லை.

1650 ஜனவரியில் அரசவை கோந்தேயைப் பிடித்துச் சிறையில் போட்டது. அப்போது வெளியே நின்று போராடியது யார் என்று நினைக்கிறீர்கள்? இவள்தான். ஆறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு, கோந்தே குடும்பத்தின் சாந்தியி மாளிகையில் இருந்த காவலர்களை ஏமாற்றித் தப்பி, போர்தோ நகருக்குப் போய், அங்கிருந்த நீதிபதிகளிடமும் ஊர் மக்களிடமும் ஆதரவு கேட்டு, அரசப்படை வந்து முற்றுகையிட்டபோதும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தாள். ‘நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், மனைவி போர் நடத்துகிறாள்’ என்று கோந்தே சிறையில் இருந்தபடி வியந்ததாக ஒரு கதை உண்டு.

வெளியே வந்த கோந்தே அப்புறம் ஸ்பெயின் பக்கம் சேர்ந்து சொந்த அரசருக்கு எதிராகவே பல ஆண்டு போரிட்டார். 1659 சமாதான உடன்படிக்கையோடு அதற்கு மன்னிப்பும் கிடைத்துவிட்டது. மனைவிக்குக் கிடைத்ததைப் பாருங்கள். 1671இல் அவள் அறையில் வேலைக்காரர்கள் இருவருக்குள் நடந்த சண்டையில் அவளுக்கே காயம். ஊர் வாய் சும்மா இருக்குமா, கதை கட்டியது. அதையே சாக்காக வைத்து அரசரிடம் உத்தரவு வாங்கி அவளை ஷாத்தோரூ கோட்டையில் அடைத்துவிட்டார் கோந்தே. அதே ஆண்டு ஏப்ரலில்தான் சாந்தியியில் அரசருக்கு அந்தப் பிரமாதமான விருந்து, மீன் வந்து சேரவில்லை என்று விருந்துப் பொறுப்பாளர் வத்தேல் உயிரை மாய்த்துக்கொண்டது. வத்தேலுக்குக் கட்டுரையில் முழுப் பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள்! கணவர் இறந்த பிறகும் இவளுக்கு விடுதலை இல்லை. பெற்ற மகனும் வெளியே விடவில்லை. 1694இல் அங்கேயே செத்துப்போனாள்.

அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது இதைப் போடுங்கள். கூடவே இன்னொரு திருத்தமும்: கோந்தே இறந்தது சாந்தியியில் அல்ல, ஃபோன்தேன்புளோவில், 1686 டிசம்பர் 11 அன்று. பேரனின் மனைவிக்குப் பெரியம்மை என்று கேள்விப்பட்டு, தன் உடல்நிலையையும் பாராமல் ஓடிப்போயிருந்தார்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்