பூவெல்லாம் எங்கே? அண்ணன் மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

போன சனிக்கிழமை நீ தேசிய சேவை முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வந்தபோது வீட்டில் 'வேர் ஹேவ் ஆல் த ஃபிளவர்ஸ் கான்' என்ற ஆங்கிலப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டாய்: "இது போரை எதிர்க்கிற பாட்டா அத்தை? யாரையும் திட்டவே இல்லையே." சோறு போடுகிற அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்தேன். வாரம் முழுக்க அந்தக் கேள்வி மனதிலேயே கிடந்தது.

நீ சொன்னது சரிதான். அந்தப் பாட்டில் ராஜா இல்லை, எதிரி இல்லை, ஒரு துப்பாக்கிகூட இல்லை. பூக்கள் எங்கே? பெண்கள் பறித்துப் போனார்கள். பெண்கள் எங்கே? கல்யாணமாகிப் போனார்கள். ஆண்கள் எங்கே? சிப்பாய் உடுப்பில் இருக்கிறார்கள். பூப் பறிப்பதும் கல்யாணம் கட்டுவதும் எப்படியோ, அப்படியே உடுப்பு மாட்டுவதும் ஒரு வரியில் வந்து போகிறது. யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. எல்லாம் சாதாரணமாக நடந்து நடந்தே கல்லறை வந்துவிடுகிறது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

அமெரிக்கப் பாடகர் பீட் சீகர் 1955-இல் எழுதியபோது பாட்டு உடுப்போடு நின்றுவிட்டது. கல்லறையையும் அதை மூடிய பூக்களையும் 1960-இல் சேர்த்தவர் இன்னொரு பாடகர், ஜோ ஹிக்கர்சன். அதனால்தான் பாட்டு வட்டமாகிறது. அந்தப் பூக்களையும் பெண்கள் பறிப்பார்கள், திரும்பவும் முதலிலிருந்து. கடைசியில் பூ வருவதை ஆறுதல் என்று எடுத்துக்கொள்ளலாம். என்னால் முடியவில்லை. மேலே பூத்துவிட்டால் கீழே கிடப்பது யாரென்று மறந்துபோகிறதே! ஒவ்வொரு சரணமும் 'எப்போதுதான் கற்றுக்கொள்வார்களோ' என்று முடிகிறது. மண்ணுக்குள் போனவர்கள் இனி என்ன கற்றுக்கொள்ள? மிச்சம் இருப்பது பாட்டைக் கேட்கிற நாம்தான்.

அப்புறம் இன்னொன்று. சீகருக்கு இதன் விதை கிடைத்தது ரஷ்ய எழுத்தாளர் ஷோலகோவின் நாவலில் வரும் ஒரு கொசாக்கியத் தாலாட்டிலிருந்து. தாலாட்டு! உன்னைத் தொட்டிலில் போட்டு உன் அப்பாயி பாடியது நினைவுக்கு வந்தது. 'ஆரடிச்சு நீ அழுதே? மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே.' அதிலும் கேள்வி, அதிலும் பூ. பூச்செண்டு பட்டால்கூடத் தாங்காத உடம்பு என்று நாங்கள் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை. அப்படி ஒரு பிள்ளையின் தொட்டிலை ஆட்டிக்கொண்டே 'ஆண்கள் எங்கே, போருக்குப் போனார்கள்' என்று ஒருத்தி பாடினால், அடுத்து யாரைத் தேட வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

நீ சேர்ந்த அன்று பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவுக்கு எல்லாரும் உன்னோடு படகில் வந்தோம், உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். திரும்பும்போது உன் அப்பா பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டார், வேறு யாரும் அங்கே உட்காரக் கூடாது என்பதுபோல. நம் சிங்கப்பூர் சின்ன நாடு, காவல் வேண்டும். நீ பச்சை உடுப்பு போட்டதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் அந்தப் பாட்டில் உடுப்பு வரி வரும்போது கையிலிருக்கும் வேலை நின்றுவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரில் இறந்த சிப்பாய்கள் கிடக்கும் கிராஞ்சி போர்க் கல்லறையில் வெள்ளைக் கற்கள் மேடேறிப் போகும். கல்லடியில் சிறு செடிகள். செதுக்கியிருக்கும் வயதைப் பார்த்தால் உன் வயதுக்காரர்கள் நிறையப் பேர். அங்கே இருக்கும் பெரிய நினைவுச் சின்னத்துக்குப் பின்னால் இன்னொரு சின்னம் இருக்கிறது. தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கானது, பெரும்பாலும் இந்தியப் படையினர். அவர்களுக்குக் கல்லறை இல்லை, பூக்க ஒரு செடி இல்லை, பெயர் மட்டும்தான். பாட்டின் கடைசிச் சரணத்தில்கூட அவர்களுக்கு இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை புக் இன் பண்ணுவதற்கு முன் காலையில் அங்கே போய் வரலாமா? அந்தப் பெயர்களை நீ வாய்விட்டுப் படி. கண்ணாடி போட்டாலும் எனக்கு இப்போது சின்ன எழுத்து சரியாகத் தெரிவதில்லை.

அன்புடன்,
அத்தை