பதிகக் கோப்புகள் யூனிகோடுக்கு மாறுகின்றன

சிவாய நம. சைவத் திருமுறைப் பாடல்களை முழுதும் ஓதும் முற்றோதலுக்கான பதிகக் கோப்புகளைப் பாமினி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுகிறோம். பாமினி தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைப்பதால், அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும்.

எழுத்துரு மாற்றும் கருவியில் ஒட்டி எடுத்தபின் ஔகார எழுத்துகளைக் கட்டாயம் பாருங்கள். 'கௌரி' பல நேரம் 'கெளரி' ஆகிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், தேடினால் சிக்காது. துணைக்கால் இடத்தில் ரகரம் புகுந்திருந்தாலும் இதே கதைதான்.

கோப்புப் பெயரில் முதலில் திருமுறை எண், பிறகு பதிக எண் மூன்று இலக்கத்தில். 'தோடுடைய செவியன்' என்றால் 1-001. சோம்பல்பட்டு 1-1 என்று வைத்தால் 1-10, 1-100 எல்லாம் 1-2க்கு முன்னால் போய் நிற்கும்.

அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு முடியும்வரை பழைய கோப்பை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகவே அனுப்புங்கள்.