ரோட்டோரத்துத் தென்னை மட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா, அப்பாயி, தம்பி எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? தினம் போனில் பேசினாலும் சில விஷயங்களைப் பேசி முடிக்க முடிவதில்லை. போன வாரம், "கொல்லைக்கு எதிர்ல செம்போத்து அடிபட்டுக் கிடந்துச்சு, அதோட ஜோடி ரெண்டு நாளா மூங்கில் புதர்லயே கத்திக்கிட்டு இருக்கு" என்று சொன்னீர்கள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. இங்கே நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் இருக்கும் நார்ஃபோக், இங்கிலாந்தின் கிழக்கு ஓரம். மேடு பள்ளம் அதிகம் இல்லாத பூமி, வயலுக்கு வயல் வடிகால். நெல் இருக்க வேண்டிய இடத்தில் கோதுமை, பார்லி, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு. வந்த புதிதில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நீடாமங்கலம் பக்கம் போவது போலவே இருந்தது, பனை மட்டும்தான் இல்லை. குளிர் தொடங்கினால் ஐஸ்லாந்திலிருந்து காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து, கிழங்கு வெட்டிய வயல்களில் இறங்கும். விடிகாலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் வடுவூர் ஏரிக்கரையில் நிற்பது மாதிரி இருக்கும். முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது. சாப்பாட்டுக்கும் குறையில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஜனங்கள் வேலை முடிந்து காரில் திரும்புவதும், கூகை என்கிற ஆந்தை இரை தேடக் கிளம்புவதும் ஒரே நேரமாகிவிடுகிறது. கிராமத்து ரோடுதான், ஆனாலும் மணிக்கு 96 கிலோமீட்டர் வரை போகலாம் என்பது சட்டம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஷிப்ட் முடிந்து, கூட வேலை செய்யும் கேரளத்துச் சேச்சியின் காரில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன லாரியின் வெளிச்சத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று மேலே தூக்கி எறியப்பட்டது. லாரி நிற்கவில்லை. சேச்சியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

வெள்ளைக் கூகை. நம் ஊர்க் கோயில் கோபுரத்தில் இருக்குமே, அதன் பங்காளி. கையில் எடுத்தபோது உடம்பில் சூடு இருந்தது. கனம் 300 கிராம்கூட இருக்காது, அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியைவிட லேசு. முகம் நெஞ்சு வடிவத்தில் அரிசி மாவு பூசினது போல இருந்தது. இறக்கையின் முன் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய விளிம்பு. அதனால்தான் பறக்கும்போது சத்தமே வருவதில்லையாம். சத்தமில்லாமல் பறந்து, புல்லுக்குள் எலி நகர்வதைக் காதால் கேட்டே பிடிக்கிற பறவை அது. அவ்வளவு கேட்கிற காதுக்கு லாரி வருவது கேட்கவில்லையா என்று சேச்சி அழுதுகொண்டே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

காலில் ஓர் அலுமினிய வளையம் இருந்தது. 1909 முதல் இந்த நாட்டில் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறார்கள். அதிலிருந்த நம்பரை எழுதி அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. ஜூன் மாதம், 11 கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணைக் கொட்டகையில், மரப்பெட்டிக் கூட்டில் குஞ்சாக இருந்தபோது மாட்டினதாம். அஞ்சு மாதம்தான் அப்பா அதற்கு ஆயுசு.

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் சொன்ன காரணம் மனதிலேயே நிற்கிறது. வயலை ஓரம் வரைக்கும் உழுதுவிடுகிறார்கள். வெட்டாத புல் மிச்சம் இருப்பது ரோட்டோரத்தில்தான். புல் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் கூகை. அது பறப்பதும் ஆள் உயரம், இரண்டாள் உயரம்தான், லாரிக்கு நேர் எதிரே. லேசான உடம்பு, பெரிய இறக்கை. வண்டி உரசாமல் போனாலும் அந்தக் காற்றே இழுத்துவிடும்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் மன்னார்குடி ரோடுதான் ஞாபகம் வந்தது. அறுப்புக் காலத்தில் ரோட்டில் நெல்லைக் காய வைக்கிறோம், கொள்முதல் நிலையத்துக்குப் போகும் லாரியிலிருந்தும் சிந்துகிறது. அதைப் பொறுக்க மைனாவும் மணிப்புறாவும் வந்து சக்கரத்துக்கடியில் போகின்றன. கரிக்கட்டை மாதிரிக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கானாங்கோழி வாய்க்காலிலிருந்து வாய்க்காலுக்கு ஓடும்போது பாதியிலேயே அடிபடுகிறது. ராத்திரியில் தார் சூட்டுக்கு நடு ரோட்டில் உட்காரும் பக்கிக் குருவியின் கண் மட்டும் மினுங்கும். ஓட்டுகிறவன் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். ரோட்டை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டின பிறகு வண்டிகளின் வேகம் இரண்டு மடங்காகிவிட்டது என்று நீங்களே சொன்னீர்கள்.

நான் ஆறாவது படிக்கும்போது நீங்கள் டிவிஎஸ் 50-ஐ நிறுத்தி, செத்துக் கிடந்த பனங்காடையை எடுத்து வரப்பில் போட்டீர்களே, அந்த நீல இறக்கை இன்னும் கண்ணில் நிற்கிறது. "ரோட்டுல கெடந்தா இதைத் தின்ன வர்ற காக்காயும் அடிபடும்" என்றீர்கள். அந்தக் கூகையையும் நான் வேலிக்கு உள்ளே, புல் மேல்தான் வைத்தேன்.

சரி, இப்போது ஒரு வேண்டுகோள். சம்பா கதிர் பிடிக்கிற நேரம், எலி வெட்டுக்காக, கூகை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று தென்னை மட்டைகளைத் தலைகீழாக நட்டிருப்பீர்கள். ரோட்டோரத்து வயலில், ரோட்டை ஒட்டியே வரிசையாக நடுவது நம் வழக்கம், ஆள் போய்வர வசதி என்று. அவற்றைப் பிடுங்கி உள்ளே, வாய்க்கால் பக்கமாக மாற்றிவிடுங்கள். எலி எப்படியும் அங்கேதான் அதிகம். தை அறுப்பு நெல்லை ரோட்டில் கொட்ட வேண்டாம், பழைய களத்தைச் சாணம் போட்டு மெழுகினால் நம் வீட்டு நெல்லுக்குப் போதும். தம்பி சாயங்காலத்தில் ஏரிக்கரை வளைவில் பைக்கை மெதுவாக ஓட்டட்டும், அவனுக்கும் நல்லது.

அப்பாயியிடமும் சொல்லுங்கள். சாக்குருவி என்று இனிமேல் கூகை மேல் கல் எறிய வேண்டாம். அது யார் சாவையும் சொல்ல வரவில்லை.

அந்தச் செம்போத்து இன்னும் கத்துகிறதா? மட்டையை மாற்றி நட்டதும் தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பனியில் வயலுக்குப் போகும்போது தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள் அப்பா.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்