தலை ஆடும் பாம்புகளை இணை சேர்க்காதீர்கள்

பாலக்காடு, கோவை வட்டாரத்தில் வெளிநாட்டுப் பாம்புகளை வளர்ப்போருக்கும் குட்டி எடுத்து விற்போருக்கும்,

வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கேரளத்தில் இருந்தாலும் எங்கள் வீட்டு மொழி தமிழ். குட்டி வாங்குவதும் கொடுப்பதும் பெரும்பாலும் வேலந்தாவளம் தாண்டிக் கோவையில்தான் என்பதால் இரு பக்கத்தாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு, 'ஸ்பைடர்' என்ற கோல வகையைச் சேர்ந்த பால் பைத்தான் (ball python என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு) ஒன்றை, உரிய தாள்களோடு, ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். தேன் நிற உடலில் மெல்லிய கறுப்புக் கோடுகள். அழகில் மயங்கித்தான் வாங்கினேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. முதல் முறை இடுக்கியில் எலியைப் பிடித்து நீட்டியபோது அதன் தலை மெல்ல இடப்புறம் சாய்ந்து, திருகிக்கொண்டே போய், தாடை மேலே பார்க்கக் கவிழ்ந்தது. பாய்ந்தபோது எலிக்கு இரண்டு விரற்கடை தள்ளிக் காற்றைக் கடித்தது. மூன்றாவது பாய்ச்சலில் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் மோதியது. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "அந்த மார்ப்புக்குக் (கோல வகைக்கு) கொஞ்சம் ஆட்டம் இருக்கும், சாப்பிட்டால் போதும்" என்றார். வாங்கும்போது இதை அவர் சொல்லவில்லை.

இந்த ஆட்டம் நோயால் வந்ததும் அல்ல, வளர்ப்பவரின் கவனக்குறைவால் வந்ததும் அல்ல. 2022இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஸ்பைடர் பாம்புகளின் தலைகளை நுண்கதிர்ப் படமெடுத்துப் பார்த்தபோது, உட்செவியில் உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்களும் அவற்றை அடுத்த பையும் பிறவியிலேயே உருக்குலைந்திருப்பதைக் கண்டார்கள். நாம் விலை கொடுத்து வாங்கும் கோலமும் இந்தக் குறையும் ஒன்றாகவே வருகின்றன. ஓங்கு பண்பு என்பதால், பெற்றோரில் ஒன்று ஸ்பைடராக இருந்தாலே குட்டிகளில் ஏறக்குறையப் பாதிக்கு அது இறங்கும். "ஆட்டம் குறைந்ததாகப் பார்த்துச் சேர்த்தால் சரியாகிவிடும்" என்று நம் வட்டத்தில் சொல்கிறார்கள். 1990களின் இறுதியிலிருந்தே அமெரிக்காவில் இந்த வகையைப் பெருக்கி வருகிறார்கள். இத்தனை காலத்தில் கோலத்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை மட்டும் நீக்கிய மரபு எதையும் நான் அறியேன்.

பிறவிக் குறை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அடைகாக்கும் பெட்டியில் சூடு எல்லை மீறினால் முதுகெலும்பு வளைந்த குட்டி பிறக்கலாம். அது ஒரு விபத்து, பராமரித்து வைத்துக்கொள்ளலாம். கரு முழுதாகப் பிரியாததால் பிறக்கும் இருதலைக் குட்டியும் அப்படித்தான். ஆனால் ஒரே இரைக்கு இரு தலைகளும் ஒன்றையொன்று இழுக்கக்கூடிய அந்த உயிரை வேடிக்கைப் பொருளாக விலை பேசுவதைத் தாங்க முடியவில்லை. வால் மழுங்கிய மண்ணுளிப் பாம்பை இருதலைமூரி (இருதலைப் பாம்பு) என்று சொல்லி, இல்லாத தலைக்கு விலை வைத்து விற்ற மோசடிகளை இந்த எல்லைப்புறம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. கார்ன் ஸ்நேக் என்ற அமெரிக்கப் பாம்பில் வானம் பார்த்துத் தலையைப் பின்னால் வளைக்கும் குறையோ ஒடுங்கு பண்பு. தாயும் தகப்பனும் நலமாகத்தான் தோன்றும், குட்டியில்தான் குறை வெளிப்படும். அந்த மரபில் மரபணுச் சோதனை செய்யாமல் இணை சேர்ப்பது தெரிந்தே கண்ணை மூடிக்கொள்வதாகும்.

"சாப்பிடுகிறது, வளர்கிறது, முட்டையிடுகிறது, துன்பம் எங்கே இருக்கிறது?" என்ற கேள்வியை நீங்கள் உண்மையாகவே கேட்கிறீர்கள் என்று அறிவேன். பாம்பு அலறாது. பசி எடுத்தால் தலை கவிழ்ந்த நிலையிலும் அது இரையைத் தேடும். அந்தத் தேடலை நலத்துக்குச் சான்றாக நான் ஏற்க மாட்டேன். நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய உயிருக்கு, எது மேல் எது கீழ் என்பது அத்தனை ஆண்டுகளும் தடுமாறிக்கொண்டே இருக்கும்.

ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டம், வழித்தோன்றல்களுக்கு வலியையோ கேட்டையோ தரும் இனப்பெருக்கத்தை 11பி பிரிவில் தடுக்கிறது. நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம், நான்காம் அட்டவணை உயிர்களின் (பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் CITES ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை; பால் பைத்தானும் அதில் உண்டு) இருப்பையும் பிறப்பையும் தெரிவிக்கச் சொல்கிறது. பிறந்தது எந்த நிலையில் பிறந்தது என்பதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே ஸ்பைடரையும், தலை ஆட்டம் உள்ள வேறெந்த மரபையும் இந்தப் பருவத்திலிருந்தே இணை சேர்க்காதீர்கள். ஏற்கெனவே கையில் உள்ளவற்றை விற்பதானால், தலை ஆடுவதைப் படமெடுத்து, வாங்குபவரிடம் காட்டிய பிறகே பணம் வாங்குங்கள்.

என்னுடையது பெண். அதற்கு ஆண் தருவதாகவும் குட்டிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றும் உங்களில் இருவர் கேட்டிருந்தீர்கள். இல்லை என்று சொன்னதற்கான காரணம் மேலே எழுதியதுதான். கிளை வைத்தால் விழுகிறது என்பதால் கூண்டைத் தாழ்வாக மாற்றிவிட்டேன். இப்போது எலியை அதன் வாய்க்கு ஒட்டியே பிடித்து ஊட்டுகிறேன்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வளர்ப்பாளர் ஒருவர்