பழுதுபார்க்கும் வசதியும் நிறுவனங்களின் பொறுப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துணிப்பை எடுத்துச் செல்லுங்கள், தேவையற்ற விளக்கை அணையுங்கள் என்று நுகர்வோருக்கு வழங்கப்படும் அறிவுரைகளில் குறை காண்பதற்கில்லை. ஆனால், ஒரு பொருள் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பது, அதை வாங்குபவரின் கைக்கு வருமுன்பே, வடிவமைப்பவரின் மேசையில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

கைப்பேசியின் வாழ்நாளில் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, நாம் அதை மின்னேற்றும்போது அல்ல, அது தயாரிக்கப்படும்போதே வெளியாகிறது. எனவே பழைய கைப்பேசியையே கூடுதலாகச் சில ஆண்டுகள் பயன்படுத்துவதுதான் நுகர்வோர் செய்யக்கூடிய பெரிய உதவி. மின்கலத்தைப் பசையால் ஒட்டி, உதிரிபாகத்தையும் எளிதில் கிடைக்காமல் செய்யும் நிறுவனம் அந்த வழியையே அடைத்துவிடுகிறது.

இது புதிய போக்கும் அன்று. முன்னணி மின்விளக்கு நிறுவனங்கள் 1924இல் 'ஃபீபஸ்' என்ற கூட்டமைப்பை உருவாக்கி, விளக்கின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் கட்டுப்படுத்தியதோடு, அதை மீறிய உறுப்பினர்களுக்கு அபராதமும் விதித்தன. (ஆயுள் குறைந்த விளக்கு கூடுதல் வெளிச்சம் தரும் என்ற வாதத்தில் உண்மை உண்டு; ஆனால், அபராதத்துக்கு அது மட்டுமே காரணம் என நம்புவது கடினம்.)

பிரான்ஸ் 2021இல் கைப்பேசி, மடிக்கணினி போன்ற சில பொருள்களுக்குப் பழுதுபார்க்கும் வசதியைப் பத்துக்கு மதிப்பிட்டு, விற்பனையின்போதே காட்ட வேண்டும் எனக் கட்டாயமாக்கியது. மரம் நட்ட படங்களால் நிறையும் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில், உதிரிபாகங்கள் எத்தனை ஆண்டுகள், என்ன விலையில் கிடைக்கும் என்ற விவரமும் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்