ஈஸ்ட்ஹாம் லண்டன் ஆனது 1965-ல்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த லண்டன் பயணக் கட்டுரையில் எங்கள் ஈஸ்ட்ஹாமுக்கு முழுசாக ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் தோசை சாப்பிட்டது, மகாலட்சுமி கோயிலுக்குப் போனது, சர்ச் ரோடு முருகன் கோயில் கோபுரத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து படம் எடுத்தது எல்லாம் சரி. 22 வருடமாக இங்கே குடியிருப்பவன் என்கிற முறையில் தோசையைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, அதை விடுங்கள். "ஈஸ்ட்ஹாம் பழைய லண்டனின் ஒரு பகுதி, லண்டன் மாநகராட்சியின் ஒரு மண்டலம்" என்று நடுவில் ஒரு வரி வருகிறது. அந்த ஒற்றை வரியில் இரண்டு தப்பு இருக்கிறது.

சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். ஈஸ்ட்ஹாம் இருப்பது நியூஹாம் பரோவில். பரோ என்பதை மண்டலம் என்று எழுதினால், சென்னை மாநகராட்சிக்குக் கீழே மண்டல அலுவலகம் இருப்பதுபோல வாசகர் நினைத்துக்கொள்வார். இங்கே அப்படி இல்லை. லண்டனில் 32 பரோ, அது போக சிட்டி என்கிற பழைய நகர மையம். ஒவ்வொன்றும் தனியாகத் தேர்தல் நடத்தி, தனியாக வரி போட்டு, தனியாகத் திட்டு வாங்கும் உள்ளாட்சி. குப்பை எடுப்பது, நூலகம், வீட்டு வசதி, முதியோர் பராமரிப்பு, பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்ட அனுமதி கேட்பது எல்லாம் பரோ வேலை. லண்டன் மேயருக்கும் குப்பைத் தொட்டிக்கும் சம்பந்தமே இல்லை. ஏப்ரலில் வீட்டுக்கு வரும் கவுன்சில் டாக்ஸ் பில்லில் இந்தக் கணக்கு பளிச்சென்று தெரியும்: பரோவுக்கு ஒரு வரி, போலீஸ், தீயணைப்பு போன்றவற்றுக்காக லண்டன் மேயரின் கிரேட்டர் லண்டன் ஆணையத்துக்கு இன்னொரு வரி. அதிலும் வேடிக்கை, இந்த வரிக்கு வீட்டின் மதிப்பை இன்னமும் 1991 விலையில்தான் பார்க்கிறார்கள்.

அப்புறம், நியூஹாமுக்கு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் 2002 முதல் தனியாக இருக்கிறார். பெரும்பாலான பரோக்களில் மேயர் என்றால் சங்கிலி போட்டுக்கொண்டு விழாவுக்கு வருபவர். இங்கே நிர்வாகமே அவர் கையில். இந்த ஏற்பாடு வேண்டுமா என்று 2021-ல் மக்களிடமே கேட்டார்கள், வேண்டும் என்று முடிவானது. 2010, 2014, 2018 என்று மூன்று தேர்தலிலும் கவுன்சிலின் 60 இடங்களும் லேபர் கட்சிக்கே போயின. எதிர்க்கட்சி என்று ஒரு ஆள் கிடையாது. 2022-ல் இடங்கள் 66 ஆனபோது பசுமைக் கட்சிக்காரர் இருவர் உள்ளே வந்தார்கள். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

இனி பெரிய தப்புக்கு வருகிறேன். 1965 ஏப்ரல் 1 வரை ஈஸ்ட்ஹாமும் சரி, வெஸ்ட்ஹாமும் சரி, நிர்வாகக் கணக்கில் லண்டனே இல்லை, எஸெக்ஸ் கவுண்டி, நம்மூர்க் கணக்கில் பக்கத்து மாவட்டம். இதற்குக் காரணம் ஒரு ஆறு.

வரைபடத்தைப் பார்த்தால் மேற்கே லீ ஆறு, கிழக்கே ரோடிங் ஆறு, தெற்கே தேம்ஸ். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த தாழ்ந்த நிலம். 'ஹாம்' என்ற பழஞ்சொல்லுக்கு அதுதான் பொருள். லீ ஆறுதான் லண்டன் பக்கத்து மிடில்செக்ஸ் கவுண்டிக்கும் எஸெக்ஸுக்கும் எல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லண்டன் சட்டம், இந்தப் பக்கம் வேறு சட்டம். 1844-ல் லண்டன் கட்டடச் சட்டம் வந்து, நாற்றம் பிடித்த தொழில்களை நகரத்துக்குள் நடத்துவதைக் கெடுபிடியாக்கியது. அந்தச் சட்டம் லீ ஆற்றோடு நின்றுவிட்டது. முதலாளிகளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? எலும்பு காய்ச்சுகிறவன், சோப்பு செய்கிறவன், ரசாயனம் வடிக்கிறவன் எல்லோரும் ஆற்றைத் தாண்டி வெஸ்ட்ஹாமில் கடை விரித்தார்கள். 1851-ல் 19 ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் 1901-ல் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது.

தொழிற்சாலை மட்டுமா? லண்டன் தன் கழிவையும் இங்கேதான் அனுப்பியது. பொறியாளர் பசல்ஜெட் கட்டிய வடக்குக் கழிவுநீர்க் குழாய் ஸ்ட்ராட்ஃபோர்டு, பிளாஸ்டோ வழியாகப் பெக்டனுக்கு வருகிறது. குழாயை மூடிப் போட்ட கரைமேல் இன்று கிரீன்வே என்று நடைபாதை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் நடப்பது அங்கேதான். இரண்டு பக்கமும் வீட்டுக் கொல்லைகள், காயப்போட்ட துணிகள், கீழே ஒரு மாநகரத்தின் கழிவு. வெயில் நாளில் சில இடங்களில் மூக்கே சொல்லிவிடும். கட்டுரையாளர் "பசுமையான நடைபாதை" என்று எழுதியிருக்கிறார், அவர் குளிர்காலத்தில் வந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் தலையில் சுமந்த ஊரை, 1889-ல் லண்டனுக்கென்று தனிக் கவுண்டி உருவானபோதும் சேர்த்துக்கொள்ளவில்லை. வெஸ்ட்ஹாம் தனிக் கவுண்டி பரோ ஆனது. அதாவது எஸெக்ஸுக்குள் இருந்தாலும் எஸெக்ஸ் கவுன்சிலுக்குக் கட்டுப்படாது. ஈஸ்ட்ஹாமுக்கு அந்தத் தகுதி 1915-ல் கிடைத்தது. அதற்கு முன்னாலேயே, 1903-ல், பார்க்கிங் (Barking) ரோடு முனையில் மணிக்கூண்டோடு டவுன்ஹால் கட்டி முடித்துவிட்டார்கள். அந்தச் செங்கல் கட்டடத்தைத் தாண்டித்தான் கட்டுரையாளர் பஸ்ஸில் போயிருப்பார். எங்களை வேண்டாம் என்றவர்களுக்குக் காட்டத்தான் இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஒதுக்கப்பட்டதில் ஒரு லாபமும் இருந்தது. 1889-ல் பெக்டன் எரிவாயு ஆலையில் வில் தார்ன் என்ற தொழிலாளி தொழிற்சங்கம் ஆரம்பித்து, 12 மணி நேர ஷிஃப்டை வேலைநிறுத்தம் இல்லாமலே 8 மணி நேரமாக்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்பட்டவர் அவர். கார்ல் மார்க்ஸின் மகள் எலினார்தான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். 1892-ல் வெஸ்ட்ஹாம் தெற்குத் தொகுதி, பின்னாளில் லேபர் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கெய்ர் ஹார்டியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 60-க்கு 60 என்கிற கதையின் வேர் இங்கே இருக்கிறது.

விலையும் கொடுத்தார்கள். 1917 ஜனவரி 19, மாலை ஏழு மணி ஆகப்போகிறது. சில்வர்டவுனில் வீடுகளுக்கு நடுவே இருந்த ஆலையில், போருக்காக டிஎன்டி வெடிமருந்து சுத்திகரித்துக்கொண்டிருந்த இடம் வெடித்தது. 73 பேர் இறந்தார்கள். சேதமான கட்டடங்கள் பல்லாயிரம். இன்று அந்தப் பக்கம் இறங்கினால் சர்க்கரைப் பாகு வாசனைதான் வரும். ஹென்றி டேட் 1878-ல் தொடங்கிய சர்க்கரை ஆலை இன்னும் ஓடுகிறது.

1965-ல் இரண்டு ஹாம்களையும் சேர்த்தார்கள். யார் பெயரை வைப்பது என்ற தகராறே வராமல் நியூஹாம் என்று பெயரிட்டார்கள். பழைய எல்லையின் பெரும்பகுதி கிரீன் ஸ்ட்ரீட்தான். கட்டுரையாளர் சேலைக் கடை பார்த்த அதே தெரு. வெஸ்ட்ஹாம் யுனைடெட் கால்பந்து அணி 2016 வரை ஆடிய மைதானம் அந்தத் தெருவின் கிழக்குப் பக்கம், அதாவது ஈஸ்ட்ஹாம் மண்ணில் இருந்தது. இதை உள்ளூர் ரசிகர்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் ரசிப்பதில்லை.

புது பரோவுக்கு மூன்று வயதில் பெரிய அடி விழுந்தது. கேனிங் டவுனில் அது கட்டிய 22 மாடி ரோனன் பாயின்ட், ஆட்கள் குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16 விடியற்காலையில் 18-ஆவது மாடியில் ஒரு பெண்மணி டீ போடத் தீக்குச்சி உரசினார். கசிந்திருந்த வாயு வெடித்துச் சுவர் வெளியே தள்ளப்பட, அந்த மூலை முழுக்க மேலிருந்து கீழ்வரை சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள், டீ போட்டவர் பிழைத்துக்கொண்டார். ஒரு இடம் உடைந்தால் மொத்தமும் விழக்கூடாது என்ற கட்டட விதி இந்த நாட்டில் அதற்குப் பிறகு வந்ததுதான்.

"பழைய லண்டன்" என்ற பட்டத்தை நியூஹாமில் ஒரே ஒரு மூலைக்கு வேண்டுமானால் கொடுக்கலாம். அது நார்த் வுல்விச். தேம்ஸுக்கு எங்கள் கரையில் இருந்தாலும் பல நூற்றாண்டாக எதிர்க்கரை வுல்விச்சோடு ஒட்டிக்கொண்டு கென்ட் கவுண்டியில் இருந்தது. வுல்விச்சை 1889-ல் லண்டன் கவுண்டியில் சேர்த்தபோது இதுவும் கூடவே போய்விட்டது. சுற்றியிருந்த நாங்களெல்லாம் எஸெக்ஸாக இருக்க, நடுவில் அந்தத் துண்டு மட்டும் லண்டனாக 76 வருடம் இருந்திருக்கிறது.

கட்டுரையாளர் அடுத்த முறை வந்தால் தோசை முடித்த கையோடு அங்கே போகச் சொல்லுங்கள். கரையில் ஃபெரி வரும், லாரிகளுக்குப் பின்னால் நின்று ஏறிக்கொள்ளலாம். டிக்கெட் கேட்க மாட்டார்கள், 1889 முதல் இலவசம்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ஈஸ்ட்ஹாம், நியூஹாம் பரோ